பழைய ஆய்வகக் கருவியும் புதிய கணினியும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூரையும் ஒரகடத்தையும் இணைக்கும் தொழிற்பகுதியில் அமைந்த சிற்றூர் பிள்ளைப்பாக்கம். ஏரியும் வயலுமாக விளங்கிய அவ்வூரின் பெயர் இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் பெயராகவே பலர்க்கும் அறிமுகமாகியுள்ளது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் மகிழுந்து உற்பத்தி தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் மற்றுமொரு பெரிய மகிழுந்து ஆலை எழுந்தது. இவற்றைச் சூழ உதிரிப்பொருள், கண்ணாடி, மின்னணுப் பொருள் எனப் பல்வகை ஆலைகள் பெருகின.

இத்தகைய ஆலைகளின் தரச்சோதனைக் கூடங்களில் தராசு காட்டும் எடையையும் மானி காட்டும் அளவையும் கையால் எழுதும் வழக்கம் அருகிவருகின்றது. கருவி காட்டும் எண் நேரே கணினிக்குச் செல்கின்றது. அக்கூடங்களுக்குப் பணிக்குச் செல்லவிருக்கும் மாணவரோ, கல்லூரி ஆய்வகத்தில் எண்ணைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதியே பழகுகின்றார். நம்மிடம் கருவி இல்லாமையன்று இதற்குக் காரணம். நல்ல நிலையிலுள்ள தராசுகளும் நிறமாலைமானிகளும் பல ஆய்வகங்களில் உள்ளன. அவை புதிய கணினியோடு பேசவில்லை; அவ்வளவே. கருவி பழுதுபடுவது ஒன்று. கணினியோடு அதன் பேச்சு அறுபடுவது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால், ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது, இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடிய கருவிகள் பயன்படாப் பொருள்களாக எழுதப்பெற்று ஏலத்திற்குச் செல்கின்றன.

இதில் தமிழ்த்துறையார்க்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். கருவிக்கும் கணினிக்கும் இடையே நிகழ்வது ஓர் உரையாடல். அதற்கு எழுத்து உண்டு, வாக்கிய முடிவு உண்டு, வினாவும் விடையும் உண்டு. ஆதலின் மொழி பயின்றோர்க்கு இது முற்றிலும் அயலான செய்தியன்று. அந்த உரையாடல் எங்கெங்கே முறிகின்றது, அதனை எவ்வாறு கண்டறிவது என்பதனை இக்கட்டுரையில் காண்போம்.

இணைப்பதால் விளையும் பயன்

கையால் எழுதுங்கால் 0.1273 என்பது 0.1237 ஆகிவிடுதல் எளிது. எழுதியவரே மீண்டும் படித்தாலும் அப்பிழை கண்ணிற்படாது. மேலும், குளிர்ந்துவரும் நீர்மத்தின் வெப்பநிலையை நொடிக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் குறிக்க வேண்டுமாயின் 3600 அளவீடுகள் தேவை. கை அதற்கு இடங்கொடாது. பழைய கருவியோடு இணைந்த எளிய கணினி அதனைத் தளராது செய்யும்.

பழைய கருவியைக் காப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகத்தின் வழிவந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பெற்றது. அங்கு 1904 முதலாக எடுக்கப்பெற்ற சூரியனின் ஒளிப்படத் தகடுகள் பின்னாளில் கணினிக்கு மாற்றப்பெற்றன. ஒரே இடத்தில் தொடர்ந்து எடுத்த பதிவுகள் என்பதாலேயே உலக அறிஞர்கள் அவற்றைப் போற்றுகின்றனர். நம் ஆய்வகத்தின் சிறு கருவிக்கும் இது பொருந்தும். ஒரே கருவியால் பல்லாண்டு எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடல் எளிது. கருவி மாறின் அவ்வொப்பீட்டிற்கே தனிச் சோதனை வேண்டும்.

முதலில் கருவியின் பின்புறம்

இணைப்பு முயற்சியைக் கணினியில் தொடங்குதல் பலர் செய்வது. கருவியின் பின்புறத்தில் தொடங்குவதே முறை. அங்கே காணப்பெறும் இணைப்புவாய்களை மூவகையாகப் பகுக்கலாம்.

9 அல்லது 25 ஊசிகள் கொண்டு, ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருப்பது பெரும்பாலும் சீரியல் போர்ட் எனப்படும் தொடர் இணைப்புவாய். ஆர்.எஸ்.-232 என்னும் இதன் விதிமுறை 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்றது. ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறிகளை அனுப்புவது இதன் இயல்பு.

24 தொடர்பு முனைகளோடு அகன்று காணப்படுவது ஜி.பி.ஐ.பி. என்னும் இணைப்பு. ஹியூலட் பேக்கார்டு நிறுவனம் தன் கருவிகளுக்கென உருவாக்கிய இம்முறை 1975-இல் ஐ.இ.இ.இ. 488 என்னும் பொதுவிதியாயிற்று. கணினியையும் சேர்த்து 15 கருவிகள் வரை ஒரே வடத்தில் கோக்கலாம். வடத்தின் மொத்த நீளம் 20 மீட்டரைக் கடத்தல் ஆகாது. ஒவ்வொரு கருவிக்கும் 0 முதல் 30 வரையிலான முகவரி எண் ஒன்று உண்டு. இரு கருவிகளுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால், ஒரே பெயருடைய இருவரை வகுப்பில் அழைத்தது போல இருவரும் ஒருங்கே குரல் கொடுப்பர், ஒன்றும் விளங்காது.

இவ்விரண்டும் இன்றி, வரைபடப் பதிவிக்கென விடப்பெற்ற இரு முனைகள் மட்டுமே உள்ள கருவிகள் மூன்றாம் வகை. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

வடத்தில் நேரும் பிழை

சீரியல் இணைப்பில் கருவி ‘பேசும்’ கம்பி, கணினி ‘கேட்கும்’ கம்பியோடு சேர வேண்டும். இருவர் வாயும் ஒரே கம்பியிலும் இருவர் காதும் மற்றொரு கம்பியிலும் அமைந்துவிட்டால் உரையாடல் நிகழாது. கணினியின் 9 ஊசி வாயில் 2-ஆம் ஊசி கேட்பது, 3-ஆம் ஊசி பேசுவது, 5-ஆம் ஊசி பொதுத் தரை. பழைய 25 ஊசி வாயிலோ 2 பேசுவது, 3 கேட்பது, 7 தரை. எனவே சில கருவிகளுக்கு நேர்வடமும் சிலவற்றிற்குக் குறுக்குவடமும் தேவைப்படும்.

எது வேண்டும் என்பதனை ஊகிக்க வேண்டுவதில்லை. சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டே அறியலாம். கருவிக்கு மின்சாரம் கொடுத்துத் தரை ஊசிக்கும் மற்ற ஊசிகளுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்தால், சும்மா இருக்கும்போதும் எதிர்மறையாக ஏறத்தாழ 5 முதல் 12 வோல்ட் காட்டும் ஊசியே பெரும்பாலும் பேசும் ஊசி. அது 2-ஆம் ஊசியாயின் 9 ஊசிக் கணினிக்கு நேர்வடம் போதும். 3-ஆம் ஊசியாயின் குறுக்குவடம் வேண்டும்.

கணினிப் பக்கத்தைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. கருவியைக் கழற்றிவிட்டுக் கணினி வாயின் 2-ஆம் 3-ஆம் ஊசிகளைச் சிறு கம்பித்துண்டால் இணைக்க வேண்டும். பின் டெர்மினல் மென்பொருளில், தட்டுவதைத் தானே காட்டும் வசதியை அணைத்துவிட்டு, ஏதேனும் ஓர் எழுத்தைத் தட்ட வேண்டும். எழுத்து திரையில் திரும்பி வந்தால் கணினிப் பக்கம் குறையில்லை. குறை வடத்திலோ கருவியிலோ உள்ளது. வாராதாயின் கருவியைக் குறைகூறுதல் தகாது. அரைநாள் வீண் முயற்சியை இவ்வொரு சோதனை தவிர்க்கும்.

துபாஷியின் துணை

1996-இல் யு.எஸ்.பி. முறை வெளிவந்தபின் கணினிகளில் சீரியல் போர்ட் படிப்படியாக மறைந்தது. இன்று இரண்டிற்கும் நடுவே மாற்றி ஒன்று வேண்டும். கும்பினியார் காலத்தில் வணிகர்க்கும் வெள்ளையர்க்கும் நடுவே நின்ற துபாஷியை ஒத்தது இது. புதுச்சேரியில் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை வாய்த்தது போல நல்ல துபாஷி வாய்த்தால் பேச்சு சீராக நடக்கும். வாய்க்காவிடில் இருபுறமும் நல்லோர் இருந்தும் காரியம் கெடும்.

மாற்றியால் வரும் இடர்கள் மூன்று. முதலாவது, அதற்குரிய இயக்கி மென்பொருள் இன்மை. இரண்டாவது, வாயிலின் எண் மாறுதல். மாற்றியை வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகினால் ‘காம் 3’ ஆக இருந்தது ‘காம் 5’ ஆகிவிடலாம். நேற்று இயங்கியது இன்று இயங்கவில்லை என்னும் முறையீட்டிற்கு இதுவே காரணமாதல் உண்டு. மூன்றாவது, போலிச் சில்லுகள். 2014 அக்டோபரில், ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட இயக்கி மென்பொருள், தன் சில்லைப் போன்று செய்யப்பெற்ற போலிகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கிற்று. தாம் வாங்கியது போலி என்றறியாத பலரின் இணைப்புகள் ஒரே நாளில் ஊமையாயின. எதிர்ப்பு எழவே நிறுவனம் அவ்வியக்கியைத் திரும்பப் பெற்றது. கருவியும் வடமும் சரியாக இருந்தும் பேச்சு அறுபடுமாயின், மற்றொரு மாற்றியைக் கடன் வாங்கிச் சோதிப்பது நலம்.

எச்சரிக்கை ஒன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. மாற்றிகளில் இரு வகை உண்டு. ஒன்று ஆர்.எஸ்.-232 கருவிகளுக்கு உரியது. மற்றொன்று 5 அல்லது 3.3 வோல்ட்டில் இயங்கும் சிறு மின்னணுப் பலகைகளுக்கு உரியது. சென்னை ரிச்சி தெருவில் இரண்டும் கிடைக்கும். பின்னதைப் பழைய தராசோடு இணைத்தால், தராசு அனுப்பும் மிகை மின்னழுத்தத்தால் மாற்றி கெடும்.

சொல் ஒன்று, வரிவடிவம் வேறு

வடம் சரியாக அமைந்தும் திரையில் பொருளற்ற குறிகள் தோன்றுவதுண்டு. இது தோல்வியன்று, பாதி வெற்றி. ஓசை வந்து சேர்ந்துவிட்டது; எழுத்து மட்டுமே பொருந்தவில்லை. நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிய ஏடுகளை இதற்கு உவமையாகக் கூறலாம். சொல் தமிழ், வரிவடிவம் அரபு. அவ்வரிவடிவத்தை அறியாதார்க்கு அது வேற்றுமொழியாகவே தோன்றும். அறிந்தார்க்கு அது வீட்டுத் தமிழ்.

கருவியும் கணினியும் நான்கு செய்திகளில் ஒத்திருத்தல் வேண்டும். அவை வேகம், ஓர் எழுத்திற்குரிய பிட்டுகளின் எண்ணிக்கை, பாரிட்டி என்னும் சரிபார்ப்புப் பிட், முடிவுப் பிட் என்பன. 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 முடிவு என்பது பரவலான அமைப்பு. பழைய தராசுகள் சிலவற்றில் 1200 அல்லது 2400 வேகமும் 7 பிட்டும் பாரிட்டியும் அமைந்திருக்கும். கருவியின் பின்புறமுள்ள சிறு விசைகளால் இவற்றை மாற்றலாம். மாற்றியபின் கருவியை ஒருமுறை அணைத்து ஏற்றுதல் வேண்டும். பல கருவிகள் அவ்விசைகளை எழும்போது மட்டுமே படிக்கும்.

குப்பையாக வரும் எழுத்துகளே நோயைச் சொல்லிவிடும். எல்லாம் சிதைந்திருந்தால் வேகம் பொருந்தவில்லை எனலாம். 0, 3, 5, 6, 9 ஆகிய எண்கள் சரியாகவும் 1, 2, 4, 7, 8 ஆகியன சிதைந்தும் வந்தால், கருவி 7 பிட்டும் இரட்டைப் பாரிட்டியும் கொண்டு பேச, கணினி 8 பிட்டாகக் கேட்கின்றது என்று துணியலாம். ஆஸ்கி என்னும் குறியேட்டில் முன்னைய எண்களில் 1 என்னும் பிட் இரட்டைப்படையாகவும் பின்னைய எண்களில் ஒற்றைப்படையாகவும் அமைந்திருப்பதே காரணம். ஒற்றைப்படையை இரட்டையாக்கச் சேர்க்கும் சரிபார்ப்புப் பிட்டைக் கணினி எழுத்தின் பகுதியாகவே எண்ணி மயங்குகின்றது.

வேகம் குறைவாயிற்றே என அஞ்ச வேண்டுவதில்லை. 2400 வேகத்தில் ஓர் எழுத்திற்கு 10 பிட் எனக் கொண்டால் நொடிக்கு 240 எழுத்துகள் செல்லும். 16 எழுத்துகள் கொண்ட ஓர் அளவீடு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கில் வந்துசேரும். தராசு நிலைகொள்ளவே அதனினும் நெடுநேரமாகும்.

வினாவும் விடையும்

சில கருவிகள் தாமாகவே எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். பல கருவிகள் கேட்டாலன்றிப் பேசா. 1987-இல் வந்த ஐ.இ.இ.இ. 488.2 விதியைப் பின்பற்றும் கருவிகளிடம், உடுக்குறியோடு தொடங்கி ஐ.டி.என். என்னும் மூன்றெழுத்தும் வினாக்குறியும் அனுப்பினால், தம்மை உருவாக்கிய நிறுவனம், மாதிரி எண் முதலியவற்றைக் கூறும். நன்னூலார் வகுத்த அறுவகை வினாக்களுள் இஃது அறியாவினா எனலாம். எண்வகை விடைகளுள் உற்றதுரைத்தல் போலக் கருவி தனக்கு நேர்ந்த பிழையைக் கூறுவதும் உண்டு. அப்பிழைச் செய்தியும் ஒரு விடையே. மௌனத்தினும் அது மேல்.

வினா சரியாக இருந்தும் விடை வாராமைக்கு முதற்காரணம் வாக்கிய முடிவு. தட்டச்சுப் பொறியில் வரி முடிந்ததும் உருளையைத் தொடக்கத்திற்குத் தள்ளுவதும் தாளை ஒரு வரி ஏற்றுவதும் இரு வேறு செயல்கள். அவ்விரண்டும் குறியேட்டில் 13, 10 என்னும் எண்களாக இன்றும் வாழ்கின்றன. சில கருவிகள் 13-ஐயும், சில 10-ஐயும், சில இரண்டையும் எதிர்பார்க்கும். முற்றுப்பெறாத வாக்கியத்தைக் கேட்டவர் காத்திருப்பது போலக் கருவியும் காத்திருக்கும். மூன்றையும் மாற்றி மாற்றி முயன்றாலே பல கருவிகள் வாய்திறக்கும்.

மற்றொரு காரணம் இசைவுக் குறி. ‘நீ ஆயத்தமா’ என்று தனிக் கம்பியில் கேட்டறிந்தபின்னரே பேசும் கருவிகள் உண்டு. மூன்று கம்பி மட்டுமே கொண்ட வடத்தில் அவ்விசைவு வாராது. கருவியின் கையேட்டைக் கண்டு, அதனை அணைக்கவோ கருவிப் பக்கத்தில் உரிய ஊசிகளை இணைத்துவிடவோ வேண்டும்.

வாயில்லாக் கருவிகள்

பழைய நிறமாலைமானிகளுள் சில, வரைபடப் பதிவிக்கென 10 மில்லிவோல்ட் அளவிலான மின்னழுத்தம் மட்டுமே தரும். அதனை எண்ணாக மாற்றும் பலகை வேண்டும். இங்கே அளவறிந்து செய்தல் இன்றியமையாதது. 12 பிட் பலகை 10 வோல்ட் பரப்பை 4096 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி ஏறத்தாழ 2.44 மில்லிவோல்ட். அதில் 10 மில்லிவோல்ட்டை நேரே கொடுத்தால் முழு நிறமாலையும் நான்கு படிகளில் அடங்கிவிடும். நூறு மடங்கு பெருக்கிக் கொடுத்தால் 400 படிகளுக்கு மேல் கிடைக்கும். பெருக்கியின்றி இணைத்துவிட்டுக் கருவியைப் பழித்தல் நேர்மையன்று.

இத்துறையில் நம் நாட்டிலேயே நிகழ்ந்த நன்முயற்சி ஒன்று உண்டு. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் 2004-இல் ‘பீனிக்ஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அஜித்குமார் என்னும் அறிவியலாளர் முன்னின்று நடத்திய அத்திட்டத்தின் நோக்கம், கல்லூரி ஆய்வகங்களில் குறைந்த செலவில் கணினிவழி அளவீட்டைப் பரப்புவது. முதலில் வந்த பெட்டி அச்சுப்பொறிக்குரிய வாயில் இணைந்தது. அடுத்து வந்தது சீரியல் வாயைப் பயன்படுத்திற்று. பின்வந்த ‘எக்ஸ்பைஸ்’ யு.எஸ்.பி. வழியே இணைகின்றது. கணினியின் வாயில்கள் மாறமாற அவர்களும் மாறினர். ஊசலும் வெப்பமானியும் சுருளும் மாறவில்லை. அதன் வரைபடங்களும் பைத்தான் மொழியில் அமைந்த நிரல்களும் யாவர்க்கும் திறந்தே வைக்கப்பெற்றுள்ளன.

மூத்துப்போன மென்பொருள்

கருவியோடு வந்த மென்பொருள் விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்.பி. காலத்தது எனின், இன்றைய கணினியில் அது ஓடாதிருக்கலாம். 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. பழைய கணினி ஒன்றை அக்கருவிக்கென்றே வைத்துக்கொள்வது ஒரு வழி. எக்ஸ்.பி.க்கான பாதுகாப்பு உதவி 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டமையால் அதனை இணையத்தோடு இணைத்தல் கூடாது. அதன் வன்வட்டு சாயுமுன் ஒரு நகல் எடுத்து வைத்தல் கடன். கருவியின் கட்டளைகள் கையேட்டில் இருக்குமாயின் பைத்தானில் சில வரிகளில் புதிய நிரலை மாணவரே எழுதிக்கொள்வது அதனினும் சிறந்த வழி.

வந்த எண் மெய்யெண்தானா?

திரையில் எண் தோன்றியதும் பணி முடிந்தது எனக் கொள்ளுதல் பெரும்பிழை. தவறான எண்ணைத் தானே எழுதும் இணைப்பு, இணைப்பின்மையினும் தீது. ஐரோப்பியக் கருவிகள் சில, தசமப் புள்ளிக்குக் காற்புள்ளியை இடும். 12,5 என்பதனை நிரல் 12 என்றோ 125 என்றோ படித்துவிடலாம். மெட்லர் டோலிடோ தராசுகளின் கட்டளை முறையில், எடை நிலைகொண்டபின் வரும் விடை ‘எஸ் எஸ்’ என்றும், ஆடிக்கொண்டிருக்கும்போது வரும் விடை ‘எஸ் டி’ என்றும் தொடங்கும். அவ்வேறுபாட்டை நோக்காத நிரல் ஆடும் எடையையும் மெய்யெடையாக எழுதிக்கொள்ளும். ஆதலின் கருவியின் முகத்தில் காணும் எண்ணையும் கணினியில் பதிந்த எண்ணையும் குறைந்தது பத்து முறையேனும் ஒப்பிட்டுக் கையெழுத்திடுதல் வேண்டும். வந்த வரியைத் திருத்தாமல் அப்படியே சேமித்தலும் வேண்டும், கணக்கீடு பின்னர்.

எல்லாக் கருவிகளும் காக்கத்தக்கன என்பது நம் கருத்தன்று. உணர்முனை தேய்ந்த கருவியை எவ்வடமும் உயிர்ப்பிக்காது. மின்காப்புக் கெட்டுத் தொட்டால் அதிரும் கருவி கணினிக்கும் கேடு, மாணவர்க்கும் கேடு. அத்தகையவற்றை விலக்குதலே அறிவுடைமை. ஆயின் விலக்குமுன், கருவி தன் முகத்தில் சரியாகக் காட்டுகின்றதா என்னும் வினாவை எழுப்ப வேண்டும். காட்டுமாயின் பழுது பேச்சில் உள்ளதே அன்றிப் பொருளில் இல்லை.

செயத்தக்கது

ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டப்பெறுதல் வேண்டும். எவ்வகை வடம், எவ்வேகம், எத்தனை பிட், எந்த முடிவுக்குறி, எந்த முகவரி என்பன அதில் தமிழில் எழுதப்பெற வேண்டும். இணைத்தவர் ஓய்வுபெற்றுச் சென்றபின், அவர் நினைவில் இருந்ததும் அவரோடு போய்விடுகின்றது. கருவி நிற்க, வழி மறைகின்றது. தாளில் எழுதிய ஐந்து வரிகள் அவ்விழப்பைத் தடுக்கும்.

நிருவாகப் பெருமக்கள் இருப்புச் சரிபார்ப்புக் குழுவில் இயற்பியல், வேதியியல், கணினித் துறைகளிலிருந்து ஒவ்வொருவரையும் சேர்த்து, ‘பேச்சுச் சோதனை’ முடிந்த பின்னரே ஏலப் பட்டியலை ஏற்க முன்வரலாம். மாணவரும் தம் இறுதியாண்டுச் செயல்திட்டமாக ஒரு பழைய கருவியை எடுத்துக்கொள்ளலாம். வடத்தைச் சோதித்து, வேகத்தைக் கண்டறிந்து, வினா எழுப்பி, விடையைச் சரிபார்த்த ஒருவர் பிள்ளைப்பாக்கத்தின் எந்த அளவைக் கூடத்திற்குச் சென்றாலும், அங்குள்ள கருவி பேச மறுக்கும் நாளில் திகைத்து நிற்கமாட்டார். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர்க்குத் தெரியும். கல்லூரியும் மாணவரும் ஒருங்கே பெறும் பயன் இது. இதற்கு ஆகும் பொருட்செலவு ஒரு வடமும் ஒரு மாற்றியுமே.